விழுந்தெழுந்த வண்டி

மழைக்காலத்தின் முதல் தூறலில் எண்ணெய்ப் பிசுக்கு மேலெழுந்து வழவழக்கும் சாலை வளைவிலோ, கட்டட வேலைக்காகக் கொட்டிய மணல் சிதறிக் கிடக்கும் தெருமுனையிலோ, மணிக்கு 15, 20 கிலோமீட்டருக்கு மேற்படாத வேகத்தில் திரும்புகின்ற ஒரு மோட்டார் சைக்கிள், முன் பிரேக்கைச் சற்று அழுத்திய மாத்திரத்தில் சக்கரம் வழுக்கிப் பக்கவாட்டில் சாய்ந்துவிடுவது நம் ஊர்களில் அன்றாடம் காணும் சம்பவம். ஓட்டியவர் முழங்கையைத் தட்டிக்கொண்டு எழுந்து, அருகிலிருப்போர் கைகொடுக்க வண்டியை நிமிர்த்தி, உடைந்த கண்ணாடியையும் கீறல் விழுந்த டேங்கையும் பார்த்துப் பெருமூச்சு விட்டு, இன்ஜின் மறுபடியும் ஓடுகின்ற சப்தத்தைக் கேட்டதும், பெரிய சேதம் ஒன்றுமில்லை என்று தீர்மானித்து வீடு போய்ச் சேருகிறார். அந்தத் தீர்மானம் பெரும்பாலும் சரியாகவே இருக்கக்கூடும். ஆயினும் அது பரீட்சித்து அடைந்த தீர்மானமாக இருத்தல் அவசியம். ஏனெனில் இத்தகைய விபத்தில் கண்ணுக்கு முதலில் படுகின்ற சேதங்கள் பிராணாபாயத்தோடு சம்பந்தமற்றவை. பிராணாபாயத்தோடு சம்பந்தமுள்ள சேதங்களோ தேடிப் பார்த்தாலன்றித் தெரிவதில்லை.

இதன் காரணத்தை அறிந்துகொள்வது கடினமன்று. 100 சி.சி. வண்டியானால் ஏறக்குறைய 110 கிலோவும், புல்லட் போன்றதானால் 190 கிலோவும் உள்ள பாரம், வண்டி சாயும்போது அதன் உடல் முழுவதிலும் பரவி இறங்குவதில்லை; வெளியே துருத்திக்கொண்டிருக்கும் ஹேண்டில்பார் நுனி, ஃபுட்ரெஸ்ட், லெக் கார்டு, லிவர்கள் ஆகிய மூன்று நான்கு முனைகளின் மீது ஒரே கணத்தில் இறங்குகிறது. இன்றைய வண்டிகளில் இடப்பக்கம் விழுந்தால் கியர் லிவரும் கிளட்ச் லிவரும், வலப்பக்கம் விழுந்தால் பிரேக் பெடலும் முன் பிரேக் லிவரும் சைலன்சரும் அடிபடும். இவற்றுள் ஹேண்டில்பார் நீளமானது. அதன் நுனியில் விழுகின்ற அடி, நெம்புகோலின் நியாயப்படி பன்மடங்காகப் பெருகி, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் பிடிமானத்தைச் சென்று தாக்குகிறது. சேதம் தெரியும் இடம் ஒன்று, தங்கும் இடம் வேறொன்று என்பதே இந்த விபத்தின் விசேஷ லட்சணம்.

விழுந்தவுடன் செய்ய வேண்டியவற்றில் முதலாவது மனிதனைக் கவனிப்பது. அடுத்து சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்துவது. பழைய கார்புரேட்டர் வண்டியானால் பெட்ரோல் குழாயையும் மூடிவிட வேண்டும். பெட்ரோலைப் பீய்ச்சும் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் முறையில் இயங்கும் இக்காலத்து வண்டிகள் பலவற்றில், சாய்வை உணர்ந்து இன்ஜினைத் தானே நிறுத்தும் கருவி ஒன்று உண்டு. நிமிர்த்திய பின் வண்டி கிளம்ப மறுத்தால், சாவியை ஒருமுறை அணைத்துப் பின் போடுவதே பெரும்பாலும் போதுமானது. வலப்பக்கம் விழுந்த வண்டியை நிமிர்த்துமுன், இடப்பக்கத்து ஸ்டாண்டை விரித்துவிட்டு, முடிந்தால் கியரில் போட்டு வைத்தால், தூக்கிய வேகத்தில் அது மறுபக்கம் சாய்ந்துவிடாது. குனிந்து முதுகால் இழுப்பது வினையை விலைக்கு வாங்குவதாகும். ஹேண்டிலை விழுந்த பக்கமாகவே முழுவதும் திருப்பி, சீட்டுக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்த நிலையிலிருந்து கால்களின் பலத்தால் பின்னோக்கி எழுவதே உசிதமான முறை. நிமிர்த்தியவுடன் கிளப்பாமல் சில நிமிஷங்கள் நிற்க விடுவதும் நன்மை தரும். பக்கவாட்டில் ஒதுங்கிய ஆயில் அடித்தொட்டிக்குத் திரும்புவதற்கு அந்த அவகாசம் வேண்டும்.

இனிப் பட்டறைப் பரிசோதனைக்கு வருவோம். சைக்கிளானாலும் மோட்டார் சைக்கிளானாலும் இரு சக்கர வாகனத்தின் ஜீவநாடி அதன் முன்பாகமே. வண்டியை நேராக நிறுத்தி, எதிரில் நின்று, முன்சக்கரத்தை இரண்டு முழங்கால்களுக்கிடையே பற்றிக்கொண்டு ஹேண்டில்பாரைப் பார்த்தால், சக்கரம் நேரே நிற்கையில் ஹேண்டில் ஒருபுறம் திரும்பியிருக்கிறதா என்பது பிரத்யட்சமாகத் தெரிந்துவிடும். அவ்வாறு திரும்பியிருந்தால் உடனே ஃபோர்க் வளைந்துவிட்டதென்று கலங்க வேண்டியதில்லை. ஈரத்துணியைப் பிழிவதுபோல், ஃபோர்க்கின் இரண்டு குழாய்களும் தம் பிடிகளுக்குள் சற்றே முறுக்கிக்கொண்டிருப்பதே பல சமயங்களில் நிகழ்ந்திருக்கும். சக்கர அச்சின் நட்டையும், மட்கார்டு போல்ட்டுகளையும், குழாய்களைப் பற்றியிருக்கும் கீழ்ப்பிடியின் போல்ட்டுகளையும் தளர்த்தி, சக்கரத்தையும் ஹேண்டிலையும் ஒரு நேருக்குக் கொண்டுவந்து, முன்பாகத்தைச் சிலமுறை அமுக்கி எழவிட்டால் குழாய்கள் தத்தம் இயல்பான இடத்தில் அமர்ந்துகொள்ளும். பிறகு முறைப்படி இறுக்கினால் போதும், புதுப்பாகம் எதுவும் வாங்க வேண்டியதில்லை.

அப்படியும் கோணல் தீராவிடில், குழாயையே கழற்றிப் பார்ப்பதைத் தவிர வேறு உபாயமில்லை. நல்ல மெக்கானிக் அதைத் தடித்த கண்ணாடித் தகட்டின் மேல் உருட்டி அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்ப்பார். வசதியுள்ள பட்டறையில் டயல் கேஜ் வைத்து அளப்பார்கள். ஜப்பானியக் கம்பெனிகள் பலவற்றின் கையேடுகள் 0.2 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட வளைவைப் பொறுப்பதில்லை என்பதைக் கவனித்தால், வெறுங்கண்ணால் பார்த்துச் சொல்லும் தீர்ப்பு எவ்வளவு பலவீனமானது என்பது விளங்கும். லேத் பட்டறைகளில் ஹைட்ராலிக் பிரஸ் வைத்துக் குழாயை நிமிர்த்தித் தருகிறார்கள். லேசான வளைவுக்கு அது உதவலாம்; ஆனால் மடிப்பு விழுந்த குழாயையும், மேற்பூச்சான குரோமியம் வெடித்துப் பெயர்ந்த குழாயையும் நிமிர்த்தி மாட்டுவது வீண் முயற்சியாகும். பெயர்ந்த பூச்சின் பிசிறு சில நாட்களிலேயே ஆயில் சீலைக் கிழித்துவிடும். ஃபோர்க் தலை சுழலும் கோன் செட்டையும் இவ்வேளையிலேயே பார்த்துவிடுதல் உத்தமம். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, முன்சக்கரம் தரையில் படாதபடி செய்து, ஹேண்டிலை மெல்லத் திருப்புகையில் நடுவில் ஓரிடத்தில் தடுக்கினால், குண்டுகள் தம் பாதையில் குழி பறித்துவிட்டன என்று அறியலாம்.

சக்கரத்தின் விஷயத்தில் பழைய முறைக்கும் புதிய முறைக்கும் இருக்கும் வித்தியாசம் பெரிது. சென்னையில் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தின் கூட்டுறவோடு 1955-இல் என்ஃபீல்டு இந்தியா தோன்றி, திருவொற்றியூரில் புல்லட் உருவாகத் தொடங்கிய காலத்தில், மோட்டார் சைக்கிள் என்றாலே ஸ்போக்ஸ் கம்பிகள் கோத்த சக்கரந்தான். அத்தகைய சக்கரத்தைச் சுழலவிட்டு, அதன் விளிம்பருகே ஒரு குச்சியை நிலையாகப் பிடித்து, நெருங்குமிடத்திலும் விலகுமிடத்திலும் கம்பிகளைச் சிறுகச் சிறுக இறுக்கியும் தளர்த்தியும் கோட்டம் எடுக்கின்ற கைத்திறன் நம் மெக்கானிக்குகளிடம் இன்றும் உயிரோடிருப்பது பாராட்டத்தக்கது. ரிம்மின் அலைவு 2 மில்லிமீட்டருக்குள் அடங்கினால் பொதுவாகப் போதுமென்பார்கள். புதிய முறையான அலாய் சக்கரத்துக்கு இந்தச் சிகிச்சை பலிக்காது. அதில் விழுந்த வளைவைச் சூடேற்றிச் சுத்தியலால் தட்டி எடுப்பது, கண்ணுக்குத் தெரியாத விரிசலை உள்ளே விதைத்து வைப்பதாகும்.

இங்கே உலோகங்களின் குணபேதத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். ஏனெனில் எதை நிமிர்த்தலாம், எதை மாற்ற வேண்டும் என்ற கேள்விக்கு விடை அதில்தான் இருக்கிறது. எஃகு அடியை வாங்கி வளைந்து கொடுக்கும். ஒருமுறை நிமிர்த்தினால் பெரும்பாலும் நிமிரும். ஃபுட்ரெஸ்ட், பிரேக் பெடல், லெக் கார்டு முதலியவை எஃகினால் ஆனவையாதலின், அவற்றைக் கழற்றிப் பட்டறை வைஸில் பிடித்து நிமிர்த்துவதில் தோஷமில்லை. வார்ப்பு அலுமினியமோ வளைவதற்குப் பதிலாக வெடிக்கும் சுபாவமுடையது. கிளட்ச் லிவரும் பிரேக் லிவரும் அந்த ஜாதி. கையால் வளைத்துச் சரிசெய்த லிவர், அவசரத்தில் பலமாகப் பிடிக்கும் அந்த ஒரு தருணத்தில் முறிந்துபோகக்கூடும். அதன் விலை சொற்பம், ஆகவே மாற்றிவிடுவதே விவேகம். ஹேண்டில்பார் எஃகுதான் என்றாலும், நம் பாரத்தை இடைவிடாமல் தாங்கும் பாகமாகையால் அதிலும் சிக்கனம் பார்க்கலாகாது. கியர் லிவரை நிமிர்த்துகையில் இன்னொரு சூட்சுமம் உண்டு. வண்டியிலிருந்தபடியே இரும்புத்தடி கொடுத்து நெம்பினால், அது கோத்திருக்கும் தண்டு உள்ளே வளைந்து, ஆயில் சீலும் கெட்டு, நூறு ரூபாய் வேலை ஆயிரக்கணக்கில் போய் நிற்கும். கழற்றி எடுத்து நிமிர்த்தி மீண்டும் மாட்டுவதே முறையாகும்.

பிரேக்கையும் கேபிள்களையும் அடுத்துப் பரீட்சிக்க வேண்டும். டிஸ்க் பிரேக்கின் லிவர் பஞ்சுபோல் அமுங்கினால் குழாய்க்குள் காற்று புகுந்திருக்கிறதென்று பொருள். அதை வெளியேற்றும்வரை வண்டியைச் சாலைக்குக் கொண்டுபோகக் கூடாது. அடிபட்ட வட்டின் அலைவு 0.3 மில்லிமீட்டரைத் தாண்டினால் அதை மாற்றியே தீர வேண்டும். டிரம் பிரேக்கானால், பெடலின் வெற்று அசைவு பல சிறு வண்டிகளுக்கு 20 முதல் 30 மில்லிமீட்டர்வரை இருப்பது முறை. ஆக்ஸிலரேட்டரை முறுக்கி விட்டால் அது தானே சட்டென்று திரும்ப வேண்டும். இன்ஜின் ஓடுகையில் ஹேண்டிலை இரு கோடிகளுக்கும் திருப்பும்போது இன்ஜினின் வேகம் ஏறுமானால், கேபிள் எங்கோ இழுபடுகிறது என்பது நிச்சயம். இன்ஜினின் பக்க மூடியில் மயிரிழை விரிசல் உண்டா என்று துடைத்துப் பார்த்து, ஆயில் அளவையும் சோதிக்க வேண்டும். கிளப்பியவுடன் சற்றே நீலப்புகை கக்கி அடங்கினால் அது கசிந்த ஆயில் எரிந்ததாகும். அடங்காமல் தொடர்ந்தால் மெக்கானிக்கிடம் காட்டியாக வேண்டும்.

இவையெல்லாம் முடிந்த பிறகே டேங்கின் பள்ளமும் பெயிண்டும் கவனத்துக்குரியவை. அதிலும் ஒரு பெரும் எச்சரிக்கை உண்டு. பெட்ரோலை வடித்துவிட்ட டேங்க் நிரபாயமானது என்ற எண்ணம் விபரீதமானது. காலி டேங்கில் தங்கியிருக்கும் பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்த கலவை, நிறைந்த டேங்கைக் காட்டிலும் எளிதில் வெடிக்கும். ஆகவே டிங்கரிங் செய்பவர் வெல்டிங் நெருப்பை அருகில் கொண்டுவருமுன், டேங்கைப் பலமுறை கழுவி ஆவியை அறவே போக்கிவிட்டாரா என்று உடையவரும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

செலவைக் குறைக்க வேண்டிப் பழைய உதிரிபாகங்களை நாடுவது இயற்கையே. சென்னையில் புதுப்பேட்டை அதற்குப் பேர்போன இடம். மட்கார்டு, பக்கத் தட்டு, இண்டிகேட்டர், லெக் கார்டு முதலியவற்றை அங்கே வாங்குவதில் குற்றமில்லை. ஆனால் அங்குள்ள ஃபோர்க் குழாயும் சக்கரமும் வேறொரு விபத்தில் சிக்கிய வண்டியிலிருந்து வந்தவையாகவும் இருக்கலாம் என்பதை மறவாமல், பிரேக், ஃபோர்க், சக்கரம் ஆகிய மூன்றையும் புதிதாகவே வாங்குவது நலம்.

இன்ஷூரன்ஸைப் பொறுத்தவரை, சட்டப்படி கட்டாயமான மூன்றாம் நபர் பாலிசி நம் வண்டியின் சேதத்துக்குப் பணம் தராது. சொந்தச் சேதத்துக்கான பாலிசி தனியே இருக்க வேண்டும். அதிலும் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களின் விலையில் பாதியைத் தேய்மானமாகக் கழித்தே கொடுப்பது வழக்கம். மேலும், முதலாண்டு முடிவில் 20 சதவீதத்தில் தொடங்கி 50 சதவீதம்வரை வளர்கின்ற போனஸ் தள்ளுபடி, ஒருமுறை இழப்பீடு கோரினாலே போய்விடும். ஆகையால் கண்ணாடியும் லிவரும் மாத்திரம் உடைந்த சிறு செலவுக்கு இழப்பீடு கோருவது லாபமா நஷ்டமா என்று கணக்குப் பார்த்தே முடிவுசெய்வது நலம். தலை தரையில் தட்டியிருந்தால் ஹெல்மெட்டின் விஷயத்தில் மட்டும் எந்தக் கணக்கும் வேண்டாம். அதன் உள்ளிருக்கும் தெர்மகோல் போன்ற பொருள் ஒருமுறை நசுங்கித்தான் தலையைக் காக்கிறது. நசுங்கியது மீண்டும் விரிவதில்லை. மேல் ஓடு பளபளப்பாக இருந்தாலும், அதை ஒதுக்கிவிட்டு ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள புதிய ஹெல்மெட்டை வாங்கிவிட வேண்டும்.

இந்த முறைகளெல்லாம் அனுபவமுள்ள மெக்கானிக்குகளுக்குத் தெரியாதவையல்ல. அப்படியிருந்தும் இவை நடைபெறாமல் போவதற்குக் காரணம், மாற்றிய பாகத்துக்குப் பணம் கொடுக்கச் சம்மதிக்கின்ற நாம், பார்த்த நேரத்துக்குப் பணம் கொடுக்கச் சம்மதியாததே. ஒரு மணி நேரம் செலவிட்டு ஃபோர்க்கையும் சக்கரத்தையும் பிரேக்கையும் பரீட்சித்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று ஒருவர் சொன்னால், ஒன்றுமே செய்யவில்லையே, எதற்குக் கூலி என்று கேட்கிறோம். அதனால் அவரும் கண்ணாடியை மாற்றிக் கீறலைத் தேய்த்து அனுப்பிவிடுகிறார். பழுதில்லை என்று நம்பிக்கையோடு சொல்வதற்கு, பழுதைச் சரிசெய்வதற்கு வேண்டிய அவ்வளவு அறிவும் உழைப்பும் வேண்டும். ஆகவே வண்டியைப் பட்டறையில் விடும்போதே, முன்பாகத்தை முழுவதும் சோதிக்க வேண்டும், அதற்குரிய கூலியைத் தனியே தருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். மெக்கானிக் ஒன்றும் பழுதில்லை என்று சொன்னாலும், அந்தக் கூலியை முகம் கோணாமல் கொடுங்கள்.