பாடத்தைத் தேர்ந்தால் மட்டும் போதுமா?

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவந்ததை அடுத்த ஞாயிற்றுக்கிழமை. திருப்பலி முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்தனர். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஒப்பந்தத் தொழிலாளியாக உழைக்கும் தந்தை ஒருவர் தம் மகளை அழைத்துக்கொண்டு பங்கு இல்லத்துத் திண்ணைக்கு வந்தார். மதிப்பெண் பட்டியலை நம் கையில் கொடுத்துவிட்டு, "சாமி, பிள்ளையை இங்கிலீஷ் லிட்டரேச்சரில் சேர்க்கலாம் என்று இருக்கிறோம். அதில் கணக்கு இல்லையாம். இங்கிலீஷும் சரளமாகப் பேச வந்துவிடுமாம். நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்றார்.

நமக்கு உடனே வாய் எழவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் இதே திண்ணையில், இதே தந்தை, தம் மூத்த மகனை நிறுத்தி இதே கேள்வியைக் கேட்டிருந்தார். அன்று நாம், "தாராளமாகச் சேருங்கள், நல்ல பாடந்தான்" என்று ஆசி கூறி அனுப்பினோம். அவன் எந்த வழியில் பயின்றான், மூன்றாண்டும் எதைப் படிக்கப் போகிறான் என்று ஒரு கேள்வியும் கேட்டோமில்லை. தமிழ்வழியில் பயின்ற அப்பிள்ளை முதல் பருவத்திலேயே திணறினான். இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அரியராகக் குவிந்தன. எவரிடமும் சொல்லாமல் கல்லூரியை விட்டு நின்றான். இன்று தந்தை நுழையும் அதே ஆலை வாயிலில் அவனும் நுழைகிறான்.

உழைப்பு இழிவன்று. நாசரேத்தூர்ச் சூசையப்பரைப் பாதுகாவலராகக் கொண்ட நாம் அதை மறக்கலாகாது. ஆயினும் அவன் அவ்வேலையைத் தேர்ந்து போகவில்லை. தோற்று ஒதுங்கிப் போனான். அத்தோல்வியில் நமக்கும் பங்குண்டு. எனவே இம்முறை, "அடுத்த ஞாயிறு வாருங்கள். பாடத்திட்டத்தை வாங்கி வைத்துக்கொண்டு பேசுவோம்" என்றோம். அப்பேச்சில் தெளிந்தவை பிற குடும்பங்களுக்கும் உதவும் என்று கருதி இங்கே எழுதுகிறோம்.

பட்டத்தின் உள்ளே இருப்பது என்ன?

நம் மாநிலக் கலைக் கல்லூரிகளில் இளங்கலைப் பட்டம் மூன்றாண்டுப் படிப்பு, ஆறு பருவங்கள். முதற்பகுதி தமிழ் அல்லது வேறொரு மொழி. இரண்டாம் பகுதி எல்லோருக்கும் பொதுவான ஆங்கிலம். மூன்றாம் பகுதியே முதன்மைப் பாடமும், அதற்குத் துணையான பாடங்களும், விருப்பப் பாடங்களும். இவற்றுடன் சுற்றுச்சூழல் கல்வி, நன்னெறிக் கல்வி போன்ற சிறு தாள்களும் உண்டு. முதன்மைப் பாடத்தில் இங்கிலாந்தின் கவிதை, உரைநடை, நாடகம் ஆகியவற்றோடு ஷேக்ஸ்பியர், அமெரிக்க இலக்கியம், இந்தியர் ஆங்கிலத்தில் எழுதியவை, மொழிபெயர்ப்பில் வந்த பிறநாட்டு இலக்கியம், ஆங்கில மொழி வரலாறு, திறனாய்வு ஆகியன இடம்பெறும்.

இப்பட்டியலை வாசித்ததும் தந்தையார், "இதில் பேசக் கற்றுக் கொடுக்கும் பாடம் எங்கே சாமி?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. இலக்கியப் பட்டம் ஆங்கிலம் பேசப் பழக்கும் வகுப்பன்று. பேச்சுப் பயிற்சி ஓரிரு தாள்களில் வரலாம். மற்றவை அனைத்தும் நூல்களைக் கூர்ந்து வாசித்து, வாசித்ததைத் தெளிவாக எழுதும் பயிற்சியே. இதை அறியாமல் சேரும் பிள்ளை முதல் மாதத்திலேயே ஏமாற்றம் அடையும்.

இப்பாடம் நம் நாட்டுக்கு வந்த வரலாற்றையும் அறிதல் நலம். ஆள்வோருக்கும் ஆளப்படுவோருக்கும் இடையே நிற்க ஒரு வகுப்பாரை ஆங்கிலக் கல்வியால் உருவாக்க வேண்டும் என்று மெக்காலே 1835ஆம் ஆண்டுக் குறிப்பில் வெளிப்படையாகவே எழுதினார். சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் தோன்றியது. ஆக்ஸ்போர்டிலோ ஆங்கில இலக்கியத்திற்கெனத் தனிப் பட்ட வகுப்பு 1894இல்தான் அமைந்தது. அன்று அதிகாரத்தின் மொழியாக வந்த பாடத்தில் இன்று நம் மக்களின் குரலும் ஒலிக்கிறது. தமிழ்க் கத்தோலிக்கப் பெண்மணியான பாமா 1992இல் வெளியிட்ட 'கருக்கு', லட்சுமி ஹோம்ஸ்ட்ராமின் ஆங்கில மொழிபெயர்ப்பில் 2000இல் வந்து, பல கல்லூரிகளில் ஆங்கில இலக்கியப் பாடமாயிற்று. திருச்சபைக்குள்ளும் சாதி புகுந்து செய்த கொடுமையை அந்நூல் கேட்கிறது. அக்கேள்வி நம்மைச் சுடும். சுடுகிறது என்பதற்காக நாம் அதை மூடி வைக்கலாகாது.

விசுவாசிக்கு இது தகுமா?

கதையும் கவிதையும் பிள்ளையின் விசுவாசத்தைக் கெடுக்குமோ என்று தாயார் அஞ்சினார். நான்காம் நூற்றாண்டில் புனித பசிலியார், கிரேக்க இலக்கியத்தை எவ்வாறு பயில்வது என இளைஞருக்கென்றே ஓர் உரை வரைந்தார். தேனீ மலர்தோறும் சென்றாலும் வேண்டியதையே கொள்வதுபோல் மாணவரும் கொள்க என்பது அவர் காட்டிய வழி. புனித பவுலடியாரும் ஏதென்சு நகரில் பேசியபோது கிரேக்கப் புலவரின் சொல்லை எடுத்தாண்டதைத் திருத்தூதர் பணிகள் நூலில் காண்கிறோம்.

நம் காலத்தில் திருத்தந்தை பிரான்சிஸ் 2024ஆம் ஆண்டு சூலை 17ஆம் நாள் கையொப்பமிட்டு, உருவாக்கப் பணியில் இலக்கியத்தின் இடம் குறித்துத் தனி மடலே எழுதினார். குருத்துவ மாணவரை எண்ணித் தொடங்கிய அம்மடலை எல்லாக் கிறிஸ்தவருக்கும் உரியதாக விரித்தார். அதில் அவர் சொல்லும் ஓர் அனுபவம் நம் காரியத்திற்கு மிகவும் பொருந்தும். 1964, 1965 ஆண்டுகளில், இருபத்தெட்டு வயதில், அர்ஜென்டினாவின் சாந்தா ஃபே நகரில் இயேசு சபைப் பள்ளியொன்றில் அவர் இலக்கியம் கற்பித்தார். 'எல் சிட்' என்னும் பழைய ஸ்பானியக் காவியம் கட்டாயப் பாடம். மாணவருக்கோ அது கசந்தது. தங்கள் காலத்துக் கவிஞர் லோர்காவை வாசிக்க விரும்பினர். அவர் காவியத்தை வீட்டில் படிக்கச் சொல்லிவிட்டு, வகுப்பில் அவர்கள் விரும்பிய ஆசிரியரைப் பற்றிப் பேசினார். கட்டாயப் பாடத்தை அவர் கைவிடவில்லை. பிள்ளையின் உள்ளத்துக்கு அருகில் இருப்பதிலிருந்து தொடங்கினார்.

நாம் வகுத்த திட்டம்

அவ்வழியையே பின்பற்றி, அம்மகளுக்காக ஒரு தாளில் மூன்றாண்டுத் திட்டம் எழுதினோம்.

முதலாண்டு, அஸ்திவாரம். கல்லூரி திறக்குமுன்பே எளிய கதைகளைத் தொடங்க வேண்டும். ஆஸ்கார் வைல்டின் சிறுவர் கதைகள், ஓ. ஹென்றியின் சிறுகதைகள், ஆர். கே. நாராயண் 1935இல் எழுதிய 'சுவாமியும் நண்பர்களும்' ஆகியவை தொடக்கத்திற்கு ஏற்றவை. ஷேக்ஸ்பியர் நாடகங்களை, சார்லஸ் லாம்பும் அவர் தமக்கை மேரியும் 1807இல் வெளியிட்ட கதை வடிவில் முதலில் வாசித்துவிட்டால், பின்னர் மூலம் மிரட்டாது. பதினான்காம் நூற்றாண்டுக் கவிஞர் சாசரின் ஆங்கிலம் இன்றைய ஆங்கிலேயருக்கே கடினம். ஆனால் அவர் பாடியது, திருத்தலம் நோக்கிச் செல்லும் யாத்திரிகர் வழிநெடுகச் சொல்லும் கதைகளையே. வேளாங்கண்ணிக்கு நடைப்பயணம் போய் வரும் நம் மக்களுக்கு அது அந்நியமன்று. கதையைத் தமிழில் அறிந்துகொண்டு மூலத்திற்குப் போவதில் வெட்கமில்லை.

இரண்டாமாண்டு, எழுத்து. அண்ணன் தோற்ற இடம் இதுவே. உரைநூலை மனப்பாடம் செய்தான். சொந்தமாக ஒரு பக்கம் எழுதிப் பழகவில்லை. ஆதலால் சனிக்கிழமைதோறும் ஆங்கிலத்தில் ஒரு பக்கம் என்று முடிவு செய்தோம். ஆலைச் சங்கு, பழவேற்காட்டு வலை, ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து பக்கத்து அறையில் தங்கியிருக்கும் தொழிலாளர் என, கண்ணால் கண்டதையே எழுத வேண்டும். ஆண்டுக்கு ஐம்பது பக்கமாயினும் சேரும்.

மூன்றாமாண்டு, அடுத்த வாயில். ஆசிரியப் பணி எனில் பி.எட். பயிற்சியும் தகுதித் தேர்வும். கல்லூரிப் பணி எனில் முதுகலையும் நெட் தேர்வும். அரசுப் பணி எனில் தேர்வாணையத் தேர்வுகள். அன்றி மொழிபெயர்ப்பு, இதழியல். இவற்றுள் எது என்பதை ஐந்தாம் பருவத்திற்குமுன் எண்ணத் தொடங்கினால், விருப்பப் பாடத்தை அதற்கேற்பத் தேரலாம்.

மூன்றாண்டுக்கும் பொதுவான எச்சரிக்கைகள் இரண்டு. முதலாவது, தமிழ்த் தாளை அலட்சியம் செய்யலாகாது. மாநிலத் தேர்வாணையத் தேர்வுகளில் தமிழ்த் தகுதித்தாள் கட்டாயம். மேலும் வீரமாமுனிவர் குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் தந்தது இரு மொழியையும் ஆழக் கற்றதால் அன்றோ! இரண்டாவது, ஒரு தாள் அரியர் விழுந்தால் அன்றே வீட்டில் சொல்ல வேண்டும். மறைத்த தாள்தான் பிள்ளையைக் கல்லூரியைவிட்டுத் துரத்துகிறது.

எந்தக் கல்லூரி என்ற கேள்வியும் எழுந்தது. பொன்னேரியிலும் திருத்தணியிலும் அரசு கலைக் கல்லூரிகள் உள்ளன, சென்னையிலோ பல. சென்னைக்கெனில் கும்மிடிப்பூண்டி மின்சார இரயிலில் போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி. நெரிசல் போக, நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் புத்தகத்தை விரிக்க முடிந்தாலும், பருவத்துக்குத் தொண்ணூறு வேலை நாளென்று கொண்டால் ஆறு பருவத்தில் 540 மணி நேரம் ஆகும். அருகில் பயின்றால் அந்நேரம் வீட்டில் மிச்சம். ஆனால் வீட்டு வேலை அதை விழுங்காதிருக்கத் தாயார் காவல் நிற்க வேண்டும். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பயின்ற மகளிர்க்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ரூ.1000 கிடைக்கிறது. மாணவர்க்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டம் உண்டு. அத்தொகையில் ஒரு பங்கு நூலுக்கென ஒதுக்கப்படட்டும்.

பெற்றோர்க்கும் பங்கினர்க்கும்

பெற்றோர்களே, "எத்தனை மார்க்?" என்று கேட்குமுன் "இன்று என்ன கதை படித்தாய்?" என்று கேளுங்கள். ஆங்கிலம் அறியாத தாயும் கேட்கக்கூடிய கேள்வி அது. கதையைத் தமிழில் திருப்பிச் சொல்லும் பிள்ளைக்குப் பாடம் பாதி பதிந்துவிடும். பங்கில் பட்டம் பெற்றோர் ஞாயிறு மாலையில் ஒரு மணி நேரம் இளையோருடன் அமர முன்வரட்டும். நூலக அலமாரியின் சாவியை இனி நாம் பூட்டி வைப்பதில்லை.

முதற்பயிற்சியாக அம்மகளிடம் ஒரு வேலை கொடுத்தோம். தந்தையின் ஆலைச் சுவரில் ஆங்கிலத்தில் எழுதியிருக்கும் பாதுகாப்பு விதிகளைப் படியெடுத்து வரச் செய்து, தமிழில் பெயர்க்கச் சொன்னோம். இரண்டு நாள் அகராதியோடு போராடி எழுதி முடித்தாள். தந்தை அதை வாங்கி மெல்ல வாசித்தார். "பதினோரு வருஷமாக இந்தப் பலகைக்குக் கீழேதான் சாமி நிற்கிறேன்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

அன்று அண்ணனும் உடன் வந்திருந்தான். தன் பழைய பாடநூல்களைத் தங்கைக்கென ஒரு பையில் கொண்டுவந்திருந்தான். எல்லா நூலிலும் முதற் சில பக்கங்களே கசங்கியிருந்தன. மற்றவை புத்தம் புதியனவாய் இருந்தன. புறப்படும்போது சற்றுப் பின்தங்கி நின்று, விட்ட தாள்களை இனியும் எழுத வழியுண்டா என்று தாழ்ந்த குரலில் கேட்டான். விசாரித்துக்கொண்டிருக்கிறோம். இம்முறை அவன் கையிலும் ஒரு தாளைக் கொடுத்தே அனுப்புவோம்.