உணவகப் பதிவேடும் வலைத்தளமும்

விருந்தோம்பலைத் தனி அறமாகக் கொண்டு அதற்கென ஓர் அதிகாரத்தையே வகுத்தளித்தது திருக்குறள். திண்ணையில் வந்தமர்ந்தவருக்கு இலை போட்ட காலத்தில், விருந்தினரை எண்ணிக் குறித்துவைக்க ஏடு எதுவும் தேவைப்படவில்லை. சோறு விலைப்பொருளாகி, உண்ணும் இடம் உணவகமான பின்னர் நிலை மாறியது. வருவோர் எத்தனை பேர், இருக்கை எத்தனை, அடுப்பில் உள்ளது எவ்வளவு என்னும் கணக்குப் பிறந்தது. அக்கணக்கு முதலில் கல்லாவில் அமர்ந்தவரின் நினைவில் இருந்தது. பின்னர் நோட்டுப் புத்தகத்திற்கு வந்தது. இன்று வலைத்தளத்தில் ஏறியுள்ளது. மேசை முன்பதிவையும் உணவு ஆர்டரையும் வலைத்தளத்தின் வழியே ஆளும் முறை யாது, அது வழுவும் இடம் எது என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரு மாலைப்பொழுது

நம் துறையில் பணிநிறைவு பெற்ற பேராசிரியர் ஒருவருக்கு விருந்தளிக்க விரும்பி, ஓர் உணவகத்தின் வலைத்தளத்தில் 14 பேருக்கு இரவு 7.30 மணிக்கு இடம் பதிந்தோம். பதிவு உறுதியானதாகக் கைப்பேசிக்குச் செய்தியும் வந்தது. குறித்த நேரத்தில் சென்றபோது, நமக்குரிய இடத்தில் வேறொரு குடும்பத்தினர் உண்டுகொண்டிருந்தனர். கல்லாவில் இருந்த முதியவர் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "மன்னிச்சுக்கங்க சார். அவங்க போன்ல கேட்டாங்க, நோட்டுல எழுதிக் கொடுத்துட்டோம். கம்ப்யூட்டர்ல உங்க பேரு இருக்கிறதை யாரும் பார்க்கல" என்றார். பணிநிறைவு பெற்ற பெரியவர் முக்கால் மணி நேரம் வாயிலருகே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் காத்திருந்தார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. நமக்குத்தான் தலை குனிந்தது.

அம்முதியவர் நேர்மையற்றவர் அல்லர், வலைத்தளமும் பழுதுபட்டதன்று. ஒரு கடைக்கு இரண்டு பதிவேடுகள் இருந்தன. ஒன்றை மற்றொன்று அறியவில்லை. பதிவு என்பது ஒரு வாக்கு. ஒரே பொருளை இருவருக்கு வாக்களிக்காமல் காப்பதே இவ்வகை வலைத்தளத்தின் முதற்கடமை. கேட்டதை ஏற்றுக்கொள்வது எளிது. கொடுக்க இயலாததை உரிய நேரத்தில் மறுப்பதே அரிது. பின்வரும் செய்திகள் அனைத்தும் இவ்வொரு கருத்தின் விரிவேயாகும்.

தோற்றமும் வளர்ச்சியும்

1994ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிபோர்னியாவிலுள்ள சாந்தா குரூஸ் நகரில், 'பீட்சா ஹட்' நிறுவனம் 'பீட்சாநெட்' என்னும் பெயரில் இணையம் வழியே ஆர்டர் பெறும் முயற்சியைத் தொடங்கியது. மேசை முன்பதிவுக்காக 1998இல் சான் பிரான்சிஸ்கோவில் சக் டெம்பிள்டன் என்பவர் 'ஓப்பன்டேபிள்' நிறுவனத்தை நிறுவினார். அந்நிறுவனம் ஓர் உண்மையைத் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தது. வாடிக்கையாளருக்கு வலைத்தளம் அமைத்துத் தருவது மட்டும் போதாது. உணவக வாயிலில் இருக்கும் தாளேட்டின் இடத்தில் கணிப்பொறி ஏடு ஒன்றையும் வைத்தாக வேண்டும். அவ்வாறே அது செய்தது. நம்மை வாயிலில் காக்கவைத்த குறை, அந்த இரண்டாம் பாதியைச் செய்யாமல் விட்டதால் நேர்ந்ததே.

இந்தியாவில் 2008இல் 'ஃபுடீபே' என்னும் பெயரில் உணவுப் பட்டியல்களைத் திரட்டித் தந்த தளம், 2010இல் 'சொமாட்டோ' எனப் பெயர் மாற்றம் பெற்றது. 2014இல் பெங்களூருவில் 'ஸ்விகி' தோன்றியது. இவை வீட்டுக்கே உணவு கொண்டு சேர்க்கும் வழக்கத்தைச் சிற்றூர்கள் வரை பரப்பின.

மேசைக் கணக்கு

ஓர் உணவகத்தில் நால்வர் அமரும் மேசைகள் 12 உள்ளன எனக் கொள்வோம், இருக்கைகள் 48. இரவு 7 மணி முதல் 10.30 வரை மூன்றரை மணி நேரம் உணவு பரிமாறப்படுகிறது. ஒரு குடும்பம் உண்டு எழ 90 நிமிடமும், மேசையைத் துடைத்து ஆயத்தம் செய்ய 15 நிமிடமும் ஆகின்றன. ஆகவே 7.30 மணிக்குக் கொடுத்த மேசை 9.15 வரை மற்றவருக்கு இல்லை. 8.30க்குக் கேட்பவருக்கு அம்மேசையை மறுத்து வேறு மேசையைக் காட்ட வேண்டும், 9.15க்குக் கேட்பவருக்குத் தடையின்றித் தரலாம். ஒரு பதிவு முடிவதற்குள் அதே மேசையில் மற்றொன்று தொடங்கலாகாது என்னும் இவ்விதியே முன்பதிவு மென்பொருளின் உயிர்நாடி எனலாம்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. இருவர் வெவ்வேறு ஊர்களிலிருந்து ஒரே நொடியில் அதே மேசையைப் பார்க்கின்றனர். இருவருக்கும் அது வெறுமையாகவே தெரிகிறது. இருவரும் பொத்தானை அழுத்துகின்றனர். 'வெறுமையாக உள்ளதா' எனப் பார்த்தலும், 'இன்னாருக்கு' என எழுதுதலும் இருவேறு செயல்களாக இருந்தால், இருவருக்கும் இடம் உறுதியாகிவிடும். எனவே பார்த்தலையும் எழுதுதலையும் பிரிக்க இயலாத ஒரே செயலாகத் தரவுத்தளம் செய்தல் வேண்டும். முதலாமவர் எழுதி முடிக்கும்வரை இரண்டாமவர் நொடியின் ஒரு பகுதி காத்திருப்பார். பின்னர் அவருக்கு 'இல்லை' என்ற உண்மை கூறப்படும்.

பெருங்குழுவுக்கு இடம் தருவதில் மற்றொரு கருத்தும் எழுகிறது. 14 பேருக்கு நான்கு மேசைகள் வேண்டும். ஆனால் நான்கு மூலைகளில் கிடக்கும் நான்கு மேசைகளால் பயனில்லை. எந்த மேசையை எதனுடன் இணைக்கலாம் என்பதும் பதிவேட்டில் இருந்தாக வேண்டும்.

இனி, பதிந்துவிட்டு வராதோர் செய்யும் இழப்பு. 1998இல் கார்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியை ஷெரில் கைம்ஸ், உணவகத்தின் வருவாயை 'இருக்கை–மணி' என்னும் அளவால் அளக்கும் முறையை எடுத்துரைத்தார். நம் எடுத்துக்காட்டில் 48 இருக்கைகளை மூன்றரை மணியால் பெருக்க 168 இருக்கை–மணிகள் கிடைக்கும். ஓர் இரவின் வருவாய் 25,200 ரூபாய் எனில், ஓர் இருக்கை–மணியின் வருவாய் 150 ரூபாய். நால்வர் மேசை ஒன்று ஒன்றரை மணி வெறுமையாகக் கிடந்தால் 6 இருக்கை–மணிகள், அதாவது 900 ரூபாய் போயிற்று. விற்காத அரிசியை நாளை விற்கலாம். கழிந்த மணியை விற்க இயலாது. ஆதலின் முதல்நாள் நினைவூட்டலும், எளிதில் நீக்கிக்கொள்ளும் வழியும், பெருங்குழுவுக்குச் சிறு முன்பணமும் முறையானவையே. வர இயலாதபோது சொல்லிவிடுதல் நம் கடமையுமாகும்.

தேக்சாவும் தோசைக்கல்லும்

ஆர்டரை ஆள்வது இதனினும் நுண்ணியது. எல்லா உணவும் ஒரே வகையில் ஆவதில்லை. தோசை கேட்டபின் வார்க்கப்படுவது. பிரியாணி கேட்கும் முன்னரே தம்மில் இருப்பது. தோசைக்குத் தட்டுப்பாடு நேரத்தில்; பிரியாணிக்குத் தட்டுப்பாடு அளவில்.

கல்லில் ஒரு வேளைக்கு நான்கு தோசைகள், வேளைக்கு மூன்று நிமிடம் என்றால், முன்னே 40 தோசைகள் காத்திருக்கையில் அடுத்து வருபவர் அரை மணி பொறுக்க வேண்டும். வலைத்தளம் அவரிடம் 'உண்டு' எனக் கூறலாம். ஆனால் 'அரை மணி ஆகும்' என்பதையும் சேர்த்தே கூற வேண்டும். பிரியாணியோ, தேக்சாவில் 100 தட்டு இருந்தால் 100 தட்டுதான். வலைத்தளத்தில் 60, கூடத்தில் 30 போயிருந்தால் எஞ்சியவை 10. கூடத்தில் பரிமாறியது கணக்கில் ஏறச் சிறிது நேரம் ஆகுமாதலால், கடைசி ஐந்தாறு தட்டுகள் இருக்கும்போதே வலைத்தளம் 'தீர்ந்தது' எனக் காட்டுதல் அறிவுடைமை. புதிய தேக்சா ஏற்றித் தம் போட்டு இறக்குவதை எந்தக் கணிப்பொறியாலும் விரைவுபடுத்த இயலாது.

ரமலான் மாதத்து மாலை இதற்குச் சிறந்த சான்று. நோன்பு திறக்கும் நேரம் அனைவர்க்கும் ஒன்றே. கேட்போர் அனைவரும் அந்நேரத்திற்கு முன்பே பார்சல் கைக்கு வர வேண்டும் என்பர். அதற்கு முந்தைய ஒரு மணியைக் கால் மணிகளாகப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் 25 பார்சல் என வரம்பிட்டால் 100 பேருக்கு ஒழுங்காகக் கொடுக்கலாம். வரம்பிடாமல் 200 பேருக்கு 'ஆம்' என்றால், பாங்கு ஒலித்த பின்னும் கடைவாயிலில் நிற்போர் பலராவர். சமையற்காரரும் வண்டியோட்டியும் வசை கேட்பர், பிழையோ அவர்களுடையதன்று.

ஆர்டரின் நிலைகளைப் பெறப்பட்டது, ஏற்கப்பட்டது, சமையலில் உள்ளது, ஆயத்தம், ஒப்படைக்கப்பட்டது என ஐந்தாகப் பகுக்கலாம். சமையல் தொடங்கும்வரை வாடிக்கையாளர் அதனை நீக்கலாம். தொடங்கிய பின் நீக்கினால் உணவு வீணாகும். 'காரம் குறைக்கவும்' என்பது போன்ற குறிப்பு கல்லாவின் திரையில் தங்கிவிடாமல் சமையற்கட்டுச் சீட்டில் அச்சாக வேண்டும்.

பணமும் தரகும்

2016இல் யுபிஐ வந்தபின் பணம் செலுத்துதல் எளிதாயிற்று. ஒரு குழப்பமும் உடன் வந்தது. பணம் கணக்கிலிருந்து போய்விட்டது, அதற்குள் இணைப்பு அறுந்தது, ஆர்டர் பதிவாகவில்லை. வாடிக்கையாளர் மீண்டும் அழுத்துகிறார். இருமுறை பணம் போகிறது. இதற்குத் தீர்வு, பணம் கேட்கும் முன்பே ஆர்டருக்கு எண் இட்டுவிடுதல். ஓர் எண்ணுக்கு ஒரு முறைதான் பணம் என்றாக்கிவிட்டால் இரண்டாம் அழுத்தம் பயனற்றதாகும். பணம் வந்ததா என்பதை வாடிக்கையாளரின் திரையை நம்பி முடிவு செய்யாமல், பணப்பரிமாற்ற நிறுவனம் நேரே அனுப்பும் செய்தியைக் கொண்டே முடிவு செய்தல் வேண்டும்.

பெருந்தளங்களின் வழியே விற்றால் தரகு உண்டு. ஒரு பேச்சுக்கு நூற்றுக்கு 20 எனக் கொண்டால், 300 ரூபாய் உணவில் 60 ரூபாய் தரகாகும். பெருந்தொற்றுக் காலத்தில், 2020 ஏப்ரலில், சான் பிரான்சிஸ்கோ நகர நிருவாகம் இத்தரகு 15 விழுக்காட்டை மிஞ்சலாகாது என ஆணையிட்டமை இதன் சுமையைக் காட்டும். பெருந்தளம் புதிய முகங்களைக் கொண்டுவருகிறது என்பதும் மறுக்க இயலாதது. ஆயினும் நாள்தோறும் வரும் பழைய வாடிக்கையாளருக்குச் சொந்த வலைத்தளமே சிறந்தது. அங்கே பதிவேடு கடைக்காரரிடம் இருக்கும்.

தமிழுக்கு ஒரு பணி

புரோட்டா, பரோட்டா, பொரோட்டா என மக்கள் பலவாறு எழுதுவர். எவ்வாறு எழுதித் தேடினும் ஒரே பண்டம் கிடைக்க வேண்டும். இவ்வேற்றுமைகளைத் தொகுத்துத் தருதல் தமிழ் மாணவருக்குரிய பணியே. 'தங்கள் கோரிக்கை பெறப்பட்டது' என்பதும் 'தங்கள் இடம் உறுதியானது' என்பதும் ஒன்றல்ல. முன்னதைப் பின்னதாகக் கருதிப் புறப்பட்டு வந்து ஏமாறுவோர் உண்டு. ஐயத்திற்கு இடமின்றி ஒரு வரி எழுதுவது, நூறு வரி நிரல் எழுதுவதற்கு இளைத்ததன்று. வலைத்தளம் அறியாத பெரியோர் தொலைபேசியிலேயே கேட்பர், அவர்களை ஒதுக்கலாகாது. கல்லாவில் இருப்பவர் அப்பதிவையும் அதே ஏட்டில் ஏற்றினால் போதும்.

முடிவுரை

சில திங்கள் கழித்து அதே உணவகத்திற்குச் சென்றோம். கல்லாவில் நோட்டு இல்லை. தொலைபேசி ஒலித்தது, முதியவர் கணிப்பொறித் திரையைப் பார்த்துவிட்டு, "எட்டு மணிக்கு இடம் இல்லீங்கம்மா, ஒன்பதே காலுக்குத் தரட்டுமா?" என்றார். மறுத்ததனால் அவர் ஒரு வாடிக்கையாளரையும் இழக்கவில்லை. மறுமுனையில் இருந்தவர் ஒன்பதே காலையே ஏற்றுக்கொண்டார். மாணவர்கள் தத்தம் ஊரிலுள்ள ஒரு சிறு உணவகத்தில் ஒரு நாள் அமர்ந்து, அங்குள்ள மேசை, அடுப்பு, நேரம் ஆகியவற்றின் கணக்கை ஒரு தாளில் எழுதிப் பார்க்க வேண்டும் என்பது நம் வேண்டுகோள். அத்தாள் சரியாக இருந்தால் வலைத்தளமும் சரியாக அமையும்.