பழைய பேஸ் கிட்டாரை வீட்டிலேயே செப்பனிடுதல்



பெங்களூரில் நம்முடைய தமிழ்ச் சபைகள் பல வாடகைக் கூடங்களிலும் மாடி அறைகளிலும் கூடிவருகின்றன. கீபோர்டு ஒன்று இருக்கும், டிரம்ஸ் இருக்கும். பேஸ் கிட்டார் வாசிக்க ஒரு வாலிபத் தம்பி ஆயத்தமாயிருந்தும், வாத்தியம் வாங்கப் பணம் இராது. அதற்காக மாதத் தவணைக் கடனில் சிக்கிக்கொள்ள வேண்டியதில்லை. கழுத்து நேராயிருக்கும் மலிவான பழைய கிட்டாரை வீட்டிலேயே ஆராதனைக்கு ஏற்றதாக்கலாம்.

பேஸின் தடித்த தந்தி விநாடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. அந்த ஒலியைச் சபையார் தனியே கவனிப்பதில்லை. ஆயினும் அவர்கள் பாடும் சுருதி அதன்மேல் நிற்கிறது. பேஸ் விலகினால் பாடுகிறவர்களும் அறியாமலே விலகுவார்கள். தாவீதின் நாட்களில் பாடல் ஊழியத்திற்குத் தேர்ச்சி பெற்றோர் 288 பேர் என்று 1 நாளாகமம் 25-ம் அதிகாரம் தொகையிட்டே சொல்லுகிறது. பக்தி இருந்தால் போதும், சுருதி எப்படியிருந்தாலென்ன என்பாருக்கு இது போதுமான பதில்.

சிக்பேட்டைப் பக்கம் ஞாயிறு காலையில் கூடும் பழைய பொருள் சந்தையைப் பலரும் சுட்டிக்காட்டுவார்கள். ஆராதனை வேளையில் விசுவாசிக்கு அங்கே என்ன வேலை என்பது ஒருபுறமிருக்க, யாரிடமிருந்து வந்த பொருள் என்று அறியாமல் வாங்குவது இன்னும் பெரிய சங்கடம். முந்தின உரிமையாளரிடமிருந்தே, கையெழுத்திட்ட சீட்டோடு வாங்குங்கள்.

வாங்குமுன், தச்சர் சட்டத்தின் நேர் பார்ப்பதுபோல, கிட்டாரின் தலைப்பக்கத்திலிருந்து கழுத்தை ஒற்றைக் கண்ணால் நோக்குங்கள். நான்கு தந்திகளும் சேர்ந்து 70 கிலோவுக்கும் மேற்பட்ட விசையோடு அதை இழுக்கின்றன. சற்றே முன்வளைந்த கழுத்தைச் சரிசெய்யலாம். முறுக்கிய கழுத்தை இலவசமாய்க் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். உள்ளிருக்கும் இரும்புக் கோலின் திருகு அசைகிறதா என்றும் கேட்டறியுங்கள். கீறல்களைப் பொருட்படுத்த வேண்டாம்.

வீட்டிற்கு வந்ததும் தந்திகளைத் தளர்த்திக் கழற்றுங்கள். புதிய தந்திகளுக்கு வசதியில்லையெனில், பழையவற்றைச் சுத்தமான நீரில் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, ஈரமின்றி உலர்த்துங்கள். விரலின் எண்ணெயும் அழுக்கும் நீங்கிச் சில வாரங்களுக்குத் தெளிவான தொனி கிடைக்கும். (சாம்பார் வைக்கும் பாத்திரத்தைத் தொடாதிருப்பது குடும்ப சமாதானத்திற்கு நல்லது.) விரற்பலகை கருநிற ஈட்டி மரமானால் ஈரத்துணியால் துடைத்து, லெமன் ஆயில் சில துளி தடவுங்கள். தேங்காயெண்ணெய் வேண்டாம், அது நாளடைவில் சிக்கு வாடை வீசும். வார்னிஷ் பூசிய வெளிர்ப் பலகைக்கு எந்த எண்ணெயும் தேவையில்லை.

தந்திகளை மீண்டும் பூட்டிச் சுருதி சேர்த்த பின்பு கழுத்தைக் கவனியுங்கள். தடித்த தந்தியை முதல் கட்டையிலும் கடைசிக் கட்டையிலும் அழுத்திப் பிடித்தால், நடுவில் ஏழாம் எட்டாம் கட்டையருகே ஒரு விசிட்டிங் கார்டு நுழையுமளவு இடைவெளி இருக்க வேண்டும். அதிகமாயிருந்தால், அளவு பொருந்தும் ஆலன் சாவியால் கோலை வலஞ்சுழியாகக் கால் சுற்று மட்டும் திருகி, மறுநாள் வரை காத்திருங்கள். மரம் உடனே இணங்குவதில்லை. பலவந்தம் செய்தால் திருகு முறியும். அதன்பின் வாத்தியத்தைச் சீராக்குவது மிகக் கடினம். பிப்ரவரி மார்ச்சின் வறட்சியிலும் பின்வரும் மழையிலும் நம் நகரத்துக் காற்று மாறுவதால், ஆண்டிற்கு இருமுறையாவது இந்தச் சோதனை அவசியம்.

பிறகு பிரிட்ஜில், பன்னிரண்டாம் கட்டையின்மேல் தடித்த தந்தி 2.5 மில்லிமீட்டரும் மெல்லிய தந்தி 2 மில்லிமீட்டரும் உயர்ந்திருக்கும்படி அமைக்கவும். அதே கட்டைக்கு நேரே தந்தியை மெல்லத் தொட்டு மீட்டும் சுரமும், அழுத்தி மீட்டும் சுரமும் ஒன்றாயிருக்கின்றனவா என்று டியூனரில் பாருங்கள். அழுத்திய சுரம் உயர்ந்து நின்றால், அந்தத் தந்தியின் தாங்கியைக் கழுத்தைவிட்டுப் பின்னே நகர்த்துங்கள்.

வால்யூம் குமிழ் கரகரத்தால் உள்ளே தூசு என்று பொருள். எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும் கான்டாக்ட் கிளீனரைச் சிறிது பீய்ச்சி, இருபது முறை முன்னும் பின்னும் திருப்பினால் பெரும்பாலும் அடங்கிவிடும். சத்தம் விட்டுவிட்டு வந்தால் முதலில் ஜாக்கைப் பாருங்கள். அங்கேதான் கம்பி அடிக்கடி விடுபடும். சால்டரிங் தெரிந்தவருக்கு அது ஐந்து நிமிட வேலை.

தந்தியைத் தொட்டதும் இரைச்சல் குறைந்தால் பயப்பட வேண்டாம். பிரிட்ஜின் எர்த் கம்பி இணைந்திருக்கிறது என்பதே அதற்கு அர்த்தம். ஆனால் தந்தியைப் பிடித்தபடி மைக்கில் உதடு படும்போது சுரீரென்று அடித்தால், வாசிப்பதை அந்த நொடியே நிறுத்திச் சுவரிலுள்ள சுவிட்சை அணையுங்கள். பழுது கிட்டாரில் அல்ல. ஆம்ப்ளிஃபையரிலோ கூடத்தின் மின்இணைப்பிலோ இருக்கலாம். பழைய வாடகைக் கட்டடங்களில் மூன்றாம் துளைக்கு எர்த் இணைப்பே இல்லாதிருப்பதுண்டு. இரைச்சலைக் குறைக்கப் பிளக்கின் மூன்றாவது முள்ளை ஒடிப்பவர்களும் உண்டு. ஒருக்காலும் அப்படிச் செய்யாதீர்கள். ஆம்ப்ளிஃபையரைத் தாமே திறப்பதும் ஆபத்து, இணைப்பைப் பிடுங்கிய பின்னும் அதற்குள் மின்சாரம் தங்கியிருக்கும். அடுத்த கூடுகைக்கு முன்பே எலக்ட்ரீஷியனை அழைத்து, மேடையிலுள்ள ஒவ்வொரு சாக்கெட்டையும் சோதிக்கச் சொல்லுங்கள்.