சிறப்புக் கல்வி: அதுவும் ஒரு தொழில்நுட்பமே!



"பி.எஸ்சி. கணிதம் முடிச்சிட்டு, போயும் போயும் இந்தப் படிப்பா?"

என் அக்கா காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தில் சிறப்புக் கல்வி பி.எட். சேரப் போகிறேன் என்றபோது எங்கள் வீட்டில் எழுந்த கேள்வி இது. கேட்டவன் வேறு யாருமில்லை, நான்தான்! இரக்கமும் பொறுமையும் இருந்தால் போதாதா, இதற்கு இரண்டு வருஷப் படிப்பு எதற்கு என்பது என் வாதம். அந்த எண்ணம் எவ்வளவு தவறு என்று சொல்லவே இக்கட்டுரை.

தேவை என்ன?

1995-ஆம் ஆண்டுச் சட்டம் 7 வகைக் குறைபாடுகளை மட்டுமே கணக்கில் எடுத்தது. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் அதை 21 ஆக்கியது. ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் அதில் இடம்பெற்றன. குறைபாடு 40 சதவீதமும் அதற்கு மேலும் உள்ள பிள்ளைகளுக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை என்கிறது அச்சட்டம். தொடக்கப் பள்ளியில் இப்படிப்பட்ட 10 பிள்ளைகளுக்கு ஒருவர், அதற்கு மேல் வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் சிறப்பு ஆசிரியர் வேண்டும் என்று 2022-இல் மத்திய அரசு அறிவித்தது. சட்டம் வந்துவிட்டது. ஆசிரியர்?

என்ன படிக்கிறார்கள்?

நாம் மெக்கானிக்கல், எலக்ட்ரானிக்ஸ் என்று பிரிவதைப் போல அங்கேயும் பிரிவுகள் உண்டு. பார்வை, செவித்திறன், அறிவுசார் குறைபாடு என ஒன்றை எடுத்துச் சிறப்பாகப் படிக்க வேண்டும்.

பிரெயில் எழுத்தில் மொத்தமே 6 புள்ளிகள்தான். இரண்டின் ஆறாம் அடுக்கு 64; வெற்றிடத்தைக் கழித்தால் 63 வடிவங்கள். நம் டிஜிட்டல் எலக்ட்ரானிக்ஸ் பாடம்தானே இது! பலகையில் தாளை வைத்து ஊசியால் வலமிருந்து இடமாகக் குத்துகிறார்கள். தாளைத் திருப்பினால் இடமிருந்து வலமாகப் படிக்கலாம்.

செவித்திறன் பிரிவில் ஆடியோகிராம் என்ற வரைபடம் படிக்கத் தெரிய வேண்டும். ஒரு அச்சில் ஹெர்ட்ஸ், மறு அச்சில் டெசிபல். அதிக அதிர்வெண் ஒலிகள் கேட்காத பிள்ளைக்கு 'பஸ்' என்ற சொல்லில் கடைசி 'ஸ்' காதில் விழாமலே போகலாம். "கத்திப் பேசினால் கேட்டுவிடும்" என்று நாம் நினைப்பது எல்லோருக்கும் பொருந்தாது.

ஒரு பொத்தானின் கதை

அக்கா எடுத்தது அறிவுசார் குறைபாடு. எங்கள் சித்தப்பா மகனுக்கு அப்போது வயது 12. சட்டைப் பொத்தான் போடத் தெரியாது. தினமும் சித்திதான் போட்டுவிடுவார். அவர் இல்லாவிட்டால் நான். அதைப் பாசம் என்றுதான் நினைத்திருந்தோம்.

அக்கா தன் ரிக்கார்டில் முதலில் எழுதியது: 'சட்டை போடக் கற்றுக்கொள்வான்.' அவருடைய பேராசிரியர் அதை அடித்துவிட்டாராம். எத்தனை பொத்தான், யார் உதவி இல்லாமல், எத்தனை வாரத்துக்குள்? அளக்க முடியாத இலக்கு இலக்கே இல்லை! நம்ம ஒர்க்ஷாப்பில் அளவு போடாத டிராயிங்கைக் கொடுத்தால் என்ன நடக்கும்? அதே கதைதான்.

அதன்பின் அக்கா வேலையைப் பிரித்தார். பொத்தானைப் பிடிப்பது, துளையின் ஓரத்தைப் பிடிப்பது, நுழைப்பது, மறுபக்கம் வந்ததைப் பிடிப்பது, முழுதாக இழுப்பது என ஐந்து படிகள். இதற்குச் செயல் பகுப்பாய்வு என்று பெயர். நம் பிராசஸ் ஷீட்டேதான்! ஆனால் கற்பித்தது தலைகீழாக. முதல் நான்கு படிகளை அக்காவே செய்துவிட்டு, கடைசி இழுப்பை மட்டும் தம்பியிடம் விட்டார். அவன் கையால் வேலை முடிகிறது. முடித்த சந்தோஷமும் அவனுக்கே. அது கை வந்த பிறகு கடைசி இரண்டு படிகள், பிறகு மூன்று.

ஏழாவது வாரம் ஒரு பொத்தானை அவனே முழுதாகப் போட்டான். சித்தி ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலையில் சட்டையைக் கட்டில்மேல் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். அதுவும் ஒரு பாடம்தான்; எனக்கும் சேர்த்து.

சேர நினைப்பவர்களுக்கு

பி.எட்.டுக்குப் பட்டம் வேண்டும். பிளஸ் டூ முடித்தவர்களுக்கு டிப்ளமோ நிலைப் படிப்பும் உண்டு. அழகப்பாவில் இதற்கென்றே தனித் துறை இருக்கிறது. 2005-இல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனம் ஒன்று சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் உள்ளது. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இந்த பி.எட்.டை நடத்தி வந்திருக்கிறது. தேசியக் கல்விக் கொள்கை 2020-க்குப் பின் ஆசிரியர் படிப்புகள் மாறி வருவதால், பணம் கட்டுமுன் அந்தப் படிப்புக்கு இந்திய மறுவாழ்வு மன்றத்தின் அனுமதி அந்த ஆண்டுக்கு உண்டா என்று அவசியம் பாருங்கள். 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி அம்மன்றத்தின் பதிவேட்டில் பெயர் இல்லாதவர் இத்தொழிலைச் செய்யக் கூடாது.

"சரிப்பா, நமக்கு இதில் என்ன வேலை?" என்கிறீர்களா? தம்பிக்காக நான் கார்ப்பென்டரி செக்‌ஷனில் மிஞ்சிய பிளைவுட்டில் ஒரு சட்டம் செய்து, கெட்டித் துணியும் பெரிய பொத்தான்களும் பொருத்திக் கொடுத்தேன். முதல் மூன்று வாரப் பழக்கம் அதில்தான். இப்படிப்பட்ட சாதனங்கள் நம் ஊர்ச் சிறப்புப் பள்ளிகளுக்கும் தேவைப்படும். நம்மிடம் லேத் இருக்கிறது, சால்டரிங் அயர்ன் இருக்கிறது, இறுதியாண்டு பிராஜெக்டும் இருக்கிறது. முதலில் அங்கே போய் ஒரு ஆசிரியரிடம் என்ன வேண்டும் என்று கேளுங்கள். அளவோடுதான் சொல்வார்!

— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்