இரண்டு மொழிகளில் முதலாம் தரம்: ஒரு சீன வகுப்பறையும் நம் கண்டிப் பிள்ளைகளும்

முதலாம் தரத்துக்கு விண்ணப்பிக்கும் காலம் வந்துவிட்டால் எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதி இந்தக் கேள்விதான்: "டீச்சர், மகன சிங்கள மீடியத்துல போடவா, தமிழ் மீடியத்துல போடவா?"

அக்குறணையிலிருந்து கேட்கிறார்கள், கட்டுகஸ்தோட்டையிலிருந்து கேட்கிறார்கள், மடவளையிலிருந்தும் கேட்கிறார்கள். கண்டி மாவட்டத்தில் இருபத்தாறு வருடம் தமிழ் மொழிமூல ஆரம்பப் பிரிவில் படிப்பித்து ஓய்வு பெற்றவள் என்பதால், என்னிடம் தயாரான பதில் இருக்கும் என்று நினைக்கிறார்கள். முன்பு இருந்தது. "தாய்மொழியில போடுங்க, மற்றது தானா வரும்" என்று சொல்லி வைத்துவிடுவேன். இப்போது அப்படிச் சொல்ல முடியவில்லை. என் இரண்டு பேரப்பிள்ளைகள்தான் காரணம்.

மகளின் மகன் கண்டி நகரில் ஒரு பாடசாலையில் சிங்கள மொழிமூலம் முதலாம் தரம் படிக்கிறான். மகனின் மகள் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் முதலாம் தரம் படிக்கிறாள். அவள் படிப்பது சீன மொழியிலும் ஆங்கிலத்திலும். இரண்டு பேரும் வீட்டில் தமிழ் கேட்டு வளர்ந்தவர்கள். இரண்டு பேரும் தங்களுக்குத் தெரியாத மொழி பேசும் வகுப்புக்குள் காலடி வைத்தவர்கள். ஆனால் இருவருக்கும் கிடைத்த வகுப்பு ஒன்றல்ல.

கடந்த வருடம் செப்டம்பர் முதல் ஜனவரி வரை மகன் வீட்டில் இருந்தேன். "சீனர்களே இல்லாத ஊரில் சீன மொழியில் கணக்குப் படிக்கிறாள்" என்று மருமகள் சொன்னபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பிறகு வகுப்பைப் பார்க்க அனுமதி கேட்டு இரண்டு தடவை போனேன், ஒக்டோபரில் ஒரு தடவை, ஜனவரியில் ஒரு தடவை.

யூட்டாவில் 2008இல் ஒரு சட்டம் இயற்றி, 2009 முதல் அரச பாடசாலைகளில் இந்த முறையைத் தொடங்கினார்கள். சீனம், ஸ்பானியம், பிரெஞ்சு என்று பல மொழிகளில் நடக்கிறது. ஒழுங்கு எளிமையானது. பாடசாலை நாளில் பாதி ஒரு மொழி, மறுபாதி மற்ற மொழி. ஒரு வகுப்புக்கு இரண்டு ஆசிரியர்கள், இரண்டு அறைகள். மதிய நேரத்தில் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு எதிர் அறைக்குப் போவார்கள். அங்கிருந்த பிள்ளைகள் இங்கே வருவார்கள். சீன அறையின் சுவர்களில் ஓர் ஆங்கில எழுத்தும் இல்லை. சீன ஆசிரியை பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை ஆங்கிலம் பேசமாட்டார்.

மொழியைத் தனிப் பாடமாக அவர்கள் படிப்பிக்கவில்லை என்பதுதான் எனக்குப் புதிதாக இருந்தது. கணிதத்தையே சீனத்தில் படிப்பிக்கிறார்கள். ஆசிரியை பத்துக் குச்சிகளை ஒரு கட்டாகக் கட்டினார், பக்கத்தில் ஒரு குச்சி வைத்தார், "ஷி யி" என்றார். அதன் பொருள் "பத்து ஒன்று", அதாவது 11. இரண்டு கட்டு வைத்தால் "அர் ஷி", இரண்டு பத்து, 20. சொல்லே கணக்கைச் சொல்லித் தருகிறது.

அங்கே உட்கார்ந்தபடி நம் பிள்ளைகளை நினைத்தேன். தமிழில் பதினொன்று என்றாலும் உள்ளே பத்தும் ஒன்றும் இருக்கிறது, இருபதில் இரண்டு பத்து இருக்கிறது. சிங்களத்தில் 11 "எகொளஹ", 12 "தொளஹ". ஆங்கிலத்தில் லெவன், டுவெல்வ். இவற்றில் பத்து எங்கே இருக்கிறது என்று ஐந்தரை வயதுப் பிள்ளைக்குத் தெரியாது. தமிழ் தெரிந்த பிள்ளைக்கு அந்த இடத்தில் கையில் ஒரு விளக்கு இருக்கிறது. சிங்கள மொழிமூலத்தில் சேர்ந்த அன்றே நாம் அந்த விளக்கை அணைத்துவிடுகிறோம்.

ஒக்டோபரில் பிள்ளைகள் சீனத்தில் கேட்டதற்கு ஆங்கிலத்தில் பதில் சொன்னார்கள். ஆசிரியை அதட்டவில்லை. பதிலை விளங்கிக்கொண்டு, அதையே சீனத்தில் திருப்பிச் சொன்னார், அவ்வளவுதான். கை காட்டி, படம் காட்டி, நடித்து, பாடி விளங்க வைத்தார். சில பிள்ளைகள் எதுவும் பேசாமல் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். "இது கேட்கும் காலம். பேச்சு பிறகு வரும்" என்று மதிய இடைவேளையில் ஆசிரியை என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார். ஜனவரியில் போனபோது அதே பிள்ளைகள் தண்ணீர் குடிக்கப் போகவும் சீனத்தில்தான் அனுமதி கேட்டார்கள். சீனத்தில் "மா" என்ற ஓர் ஒலியைத் தட்டையாகச் சொன்னால் அம்மா, இறக்கி ஏற்றிச் சொன்னால் குதிரை. என் பேத்தி இரண்டையும் சொல்லிக்காட்டி, எனக்கு வித்தியாசம் பிடிபடவில்லை என்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

பெற்றோருக்கு ஒரே ஒரு வீட்டுவேலை. "சீனம் எங்கள் பொறுப்பு. நீங்கள் வீட்டு மொழியில் தினமும் பிள்ளையோடு சேர்ந்து வாசியுங்கள்." மருமகள் அதைப் பிடித்துக்கொண்டாள். பாடசாலையில் அறைக்கு ஒரு மொழி என்றால், நம் வீட்டுக்குள் தமிழ் மட்டும் என்று சட்டம் போட்டாள். இரவில் தமிழ்ப் புத்தகம் வாசித்தாள். அல்ஹம்துலில்லாஹ், அந்தப் பேத்தி என்னோடு தமிழில் சண்டை பிடிக்கிறாள்.

இனி கண்டிக்கு வருகிறேன்.

மகளும் மருமகனும் பேரனைச் சிங்கள மொழிமூலம் சேர்த்தது தவறு என்று நான் சொல்லவில்லை. இந்த ஊரில் வைத்தியசாலையிலும் கச்சேரியிலும் பொலிசிலும் பஸ்ஸிலும் சிங்களம் வேண்டும். 2018 மார்ச்சில் திகனயிலும் அக்குறணையிலும் நாம் பட்டதற்குப் பிறகு, அயலவரோடு மனம்விட்டுப் பேசும் பிள்ளைகள் வளர வேண்டும் என்று ஒரு வாப்பா நினைத்தால் அதில் என்ன பிழை? கிடைக்கும் பாடசாலை, தூரம், பெறுபேறு எல்லாவற்றையும் பார்த்துத்தான் முடிவு எடுக்கிறார்கள்.

ஆனால் வகுப்பில் பேரனுக்குக் கேட்கும் காலம் என்று ஒன்று கொடுக்கப்படவில்லை. முப்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள், ஓர் ஆசிரியை, பெரும்பாலானவர்களுக்குத் தாய்மொழி சிங்களம். அவன் பேசாமல் இருந்தான். "பிள்ளை கொஞ்சம் மந்தம்போல" என்று மகளுக்குச் சொல்லப்பட்டது. மகள் பயந்துபோய், வீட்டிலும் சிங்களத்தில் பேச ஆரம்பித்தாள். மூன்று மாதத்தில் அவனுக்குச் சிங்களம் வந்தது. தமிழ் போகத் தொடங்கியது. "இன்டைக்கி என்ன மகன் படிச்ச?" என்று கேட்டால் "தன்னே நே" என்பான்.

ஒரு நாள் அஸருக்குப் பிறகு குர்ஆன் மத்ரஸாவில் அவனைக் கூட்டிவரப் போயிருந்தேன். உஸ்தாத் யூனுஸ் நபியின் கதையை அழகான தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார். மற்றப் பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டார்கள். இவன் என் கையை இழுத்து மெதுவாகக் கேட்டான்: "உம்மும்மா, வயிறுண்டா என்ன?" சிங்களத்தில் "பட" என்று சொன்ன பிறகுதான் மீனின் வயிற்றுக்குள் நபி இருந்தார் என்பது அவனுக்கு விளங்கியது. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பிள்ளைகளின் இருமொழிக் கல்வியை ஆராய்ந்தவர்கள் இந்த வேறுபாட்டுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். 1965இல் கனடாவின் மொன்றியல் நகரை ஒட்டிய சென் லாம்பெர்ட் என்ற ஊரில், ஆங்கிலம் பேசும் பெற்றோர் கேட்டுக்கொண்டதன் பேரில் அவர்களுடைய சிறுவர்களுக்கு முழுக்கப் பிரெஞ்சில் வகுப்பு தொடங்கினார்கள். மக்கில் பல்கலைக்கழகத்தின் வொலஸ் லாம்பர்ட் என்ற உளவியலாளர் அந்தப் பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்தார். முதலில் ஆங்கில வாசிப்பில் பின்தங்கினார்கள், ஆங்கிலப் பாடம் தொடங்கியதும் சீக்கிரமே எட்டிப் பிடித்தார்கள். கணிதத்திலும் குறையவில்லை. இப்படி வீட்டு மொழி இருக்க இன்னொன்று சேர்வதைக் கூட்டல் என்றும், புதிய மொழி வர வீட்டு மொழி போவதைக் கழித்தல் என்றும் அவர் பிரித்தார். சென் லாம்பெர்ட் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் போய்விடும் என்ற பயமே இல்லை. வீதி, கடை, தொலைக்காட்சி எல்லாம் அதைத் தாங்கி நின்றன. நம் பிள்ளையின் தமிழைக் கண்டி நகரத்தில் தாங்கி நிற்பது வீடும் பள்ளிவாசலும்தான். வீடு கையை எடுத்தால் கழித்தல் தொடங்கிவிடும்.

தமிழ் மொழிமூலத்தில் சேர்த்தவர்கள் நிம்மதியாக இருக்கலாம் என்றும் சொல்லமாட்டேன். நான் படிப்பித்த பிள்ளைகளில் எத்தனையோ பேர் கடைத்தெருச் சிங்களத்தைச் சரளமாகப் பேசுவார்கள். ஆனால் பிரதேச செயலகத்துக்கு ஒரு கடிதம் எழுத இன்னொருவரைத் தேடுவார்கள். நமது அரசியலமைப்பின் 21ஆம் உறுப்புரை, தேசிய மொழிகளில் ஏதேனும் ஒன்றின் மூலம் கல்வி பெறும் உரிமையைத் தருகிறது. அந்த உரிமை பெரியது. அதைப் பிடித்துக்கொண்டு நாமும் "இதுவா, அதுவா" என்று மட்டுமே கேட்டுப் பழகிவிட்டோம். நம் பாடசாலைகளில் முதலாம், இரண்டாம் தரங்களில் செயற்பாடுகள் மூலம் வாய்மொழி ஆங்கிலம் இருக்கிறது, மூன்றாம் தரத்தில் ஆங்கிலம் முறையான பாடமாகிறது. அதே சிறு வயதில் சிங்களமும் தமிழும் ஒரே பிள்ளைக்கு ஒழுங்காகச் சேரும் வழியை நாம் இன்னும் தேடவில்லை.

யூட்டா வகுப்பை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. இரண்டு ஆசிரியர், இரண்டு அறை என்பதற்கு அரசின் தீர்மானமும் பணமும் வேண்டும். ஆனால் அந்த வகுப்பின் சில ஒழுங்குகளுக்குச் சதமும் செலவில்லை.

முதலாவது, மொழிக்கு ஒரு நேரமோ ஆளோ ஒதுக்குங்கள். பேரன் விடயத்தில் மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் தமிழ் மட்டும் என்று வைத்தோம். அவன் சிங்களத்தில் பதில் சொன்னால் நான் அதட்டுவதில்லை. அதையே தமிழில் திருப்பிச் சொல்கிறேன். சீன ஆசிரியையிடம் கற்ற பாடம் அது.

இரண்டாவது, வகுப்பாசிரியையிடம் முதல் வாரமே பேசுங்கள். "பிள்ளைக்கு வீட்டில் தமிழ், கொஞ்சக் காலம் அமைதியாக இருக்கும், தமிழில் பதில் சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று மரியாதையாகச் சொல்லுங்கள். பெரும்பாலான ஆசிரியைகள் விளங்கிக்கொள்வார்கள். பிள்ளையின் மௌனத்தை வைத்து அதன் அறிவை அளக்காதீர்கள்.

மூன்றாவது, தமிழ் எழுத்துக்குப் பயப்படாதீர்கள். 247 எழுத்து என்று கேட்டால் மலைப்பாக இருக்கும். ஆனால் சிங்களத்தில் "கொ" எழுதக் கற்ற பிள்ளைக்குப் பாதி வேலை முடிந்துவிட்டது. எழுத்துக்கு முன்னால் கொம்பு, பின்னால் ஒரு குறி என்ற அமைப்பு இரண்டு மொழிக்கும் பொது. அதை அவர்கள் "கொம்புவ" என்கிறார்கள், நாம் கொம்பு என்கிறோம். சிங்களத்தில் கல்லுக்கும் "செய்த" என்பதற்கும் முதல் எழுத்து வேறு வேறு, தமிழில் இரண்டையும் "கல" என்றுதான் எழுத முடியும். தமிழ் வீட்டுப் பிள்ளை சிங்களச் சொல்வதெழுதுதலில் பிழைவிடும் இடம் இது. பிள்ளைக்குக் காது மந்தம் என்று நினைக்காமல், இரண்டு ஒலியையும் மாறி மாறிச் சொல்லிக் காட்டுங்கள்.

நான்காவது, குர்ஆன் மத்ரஸாக்களும் அஹதிய்யாப் பாடசாலைகளும். சிங்கள மொழிமூலப் பிள்ளைகள் கூடக்கூட, எல்லாவற்றையும் சிங்களத்துக்கு மாற்றிவிடுவதுதான் சுலபமான வழியாகத் தெரியும். விளங்காத பிள்ளைக்குச் சிங்களத்தில் விளங்கப்படுத்தத்தான் வேண்டும். அதோடு வாரம் ஒரு சிறு தமிழ்க் கதை வாசிப்பையும் சேர்த்தால், பிள்ளை வாழும் மொழியும் பாட்டனாரின் மொழியும் ஒரே இடத்தில் சந்திக்கும். தமிழ் மொழிமூலப் பாடசாலைகளின் பழைய மாணவர் சங்கங்கள் இதன் மறுபக்கத்தைச் செய்யலாம். ஆரம்பப் பிரிவுக்கு நாளுக்கு அரை மணி நேரம் சிங்களத்தில் மட்டும் பேசி விளையாட ஒரு சிங்கள ஆசிரியையை அதிபரின் அனுமதியோடு ஏற்பாடு செய்யலாம்.

கண்டியில் பிறந்த அறிஞர் சித்திலெப்பை 1882இல் "முஸ்லிம் நேசன்" பத்திரிகையைத் தமிழில் நடத்தினார். அதே தமிழில்தான் ஆங்கிலம் கற்கவும் பெண் பிள்ளைகளைப் படிப்பிக்கவும் சமூகத்தைத் தூண்டினார். ஒரு மொழியைப் பிடிக்க இன்னொன்றை விட வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை.

பேரனின் கதை இன்னும் முடியவில்லை. சென்ற வாரம் மஃரிபுக்குப் பிறகு மண்புழுவைப் பற்றி ஏதோ சொல்ல வந்தான், சொல் கிடைக்காமல் சிங்களத்துக்குத் தாவினான், பிறகு தானே நின்று, "உம்மும்மா, தமிழ்ல எப்பிடிச் சொல்ற?" என்று கேட்டான். சொல்லிக் கொடுத்தேன். யூட்டாவில் ஒக்டோபரில் நான் பார்த்த பிள்ளைகளின் இடத்துக்கு அவன் இப்போது வந்திருக்கிறான். தமிழ் திரும்பிவர இன்னும் காலம் எடுக்கும், இன்ஷா அல்லாஹ் வரும்.

எனவே "எந்த மீடியம்" என்று இப்போது கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது இதுதான்: எதில் போட்டாலும் போடுங்கள், மற்ற மொழிக்கு நாளில் எந்த அரை மணி நேரத்தை வைத்திருக்கிறீர்கள்?