ஒரே இரவில் மூன்று பருவம்: வெள்ளியங்கிரி கிளம்பும் முன் பையில் என்ன இருக்கிறது?

மார்ச் மாதச் சனிக்கிழமை மாலை. கோவை காந்திபுரத்தில் பூண்டி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் இளைஞர்களின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. வெயில் இறங்கியும் வெக்கை இறங்கவில்லை. பையில் தண்ணீர் பாட்டில், பிஸ்கெட் பாக்கெட், பவர் பேங்க். இந்தப் புழுக்கத்தில் ஸ்வெட்டர் எதற்கு என்று வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தவர்கள்தான் அதிகம்.

மறுநாள் அதிகாலை நான்கு மணிக்குப் பார்த்தால், அதே ஆட்கள் ஆறாவது மலையில் பற்கள் தந்தியடிக்க, கைகளை அக்குளுக்குள் செருகிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

மாசி, பங்குனி இரண்டும் நம் கணக்கில் பின்பனிக் காலம். பகலில் வெயில், பின்னிரவில் பனி. நகரத்தில் மின்விசிறிக்குக் கீழே தூங்குபவர்களுக்கு இது காலண்டரில் மட்டும்தான் தெரியும். மலையில் உடம்பிலேயே தெரியும். உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் வெப்பம் சராசரியாக ஆறு டிகிரிக்கு மேல் குறையும். அதோடு இரவும் காற்றும் சேர்ந்தால் அடிவாரத்துக் கணக்கு எதுவும் மேலே செல்லாது.

கோவைக்கு மேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கிறது வெள்ளியங்கிரி. பூண்டி அடிவாரத்திலிருந்து ஏழு மலைகள் ஏறினால் உச்சியில் சுயம்பு லிங்க தரிசனம். ஒரு வழிக்குச் சுமார் ஆறு கிலோமீட்டர். கேட்க சின்ன தூரம்தான். ஏறுவதற்கு மட்டும் நான்கைந்து மணி நேரம் ஆகிவிடும். வனத்துறை வழக்கமாக பிப்ரவரி முதல் மே வரைதான் பக்தர்களை அனுமதிக்கிறது. வார இறுதி என்றால் கூட்டம் சொல்லவே வேண்டாம். பக்திக்காக வருபவர்களும் மலையேற்ற ஆசையில் வருபவர்களும் ஒரே மூங்கில் கம்பை ஊன்றிக்கொண்டு ஏறுகிறார்கள்.

பகல் வெயிலுக்குப் பயந்து பெரும்பாலானவர்கள் இரவில்தான் ஏறத் தொடங்குகிறார்கள். முதல் மலையே செங்குத்தான படிகள். பத்தாவது நிமிடத்தில் மூச்சு வாங்கும், அரை மணி நேரத்தில் பனியன் பிழிந்தால் தண்ணீர் வரும். இந்த வியர்வையை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. சிக்கலின் விதை இங்கேதான் விழுகிறது. பருத்தித் துணி ஈரத்தைக் குடித்தால் சீக்கிரம் விடாது. மூன்று மலை தாண்டி, மரங்கள் குறைந்து, வெட்டவெளிப் புல்வெளி வந்ததும் காற்று நேராக நெஞ்சில் அடிக்கும். நனைந்த பனியன் உடம்பின் சூட்டை உறிஞ்சி எடுத்துவிடும்.

அதற்கும் மேல் ஒன்று உண்டு. ஆறாவது மலையில் ஆண்டி சுனை. அங்கே குளித்துவிட்டு உச்சிக்குப் போவது பலருடைய வேண்டுதல். அந்த வேண்டுதலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால், விடியற்காலையில் சுனை நீரில் மூழ்கி எழுந்து, மாற்றுத்துணி இல்லாமல், ஈர வேட்டியோடு ஏழாவது மலை ஏறுவது வேறு கதை. முதலில் நடுக்கம் வரும். அடுத்து நாக்கு குழறும், கால் தடுமாறும். நடுங்கிக்கொண்டிருந்த ஆள் நடுக்கம் நின்று சோர்ந்து உட்கார்ந்தால் ‘சரியாகிவிட்டது’ என்று நினைக்கக் கூடாது. அதுதான் மிக ஆபத்தான கட்டம். ஈரத்துணியைக் கழற்றி, காய்ந்த துணி போர்த்தி, காற்றுப் படாத இடத்தில் உட்காரவைத்து, விழுங்க முடிந்தால் இனிப்பான சூடான பானம் கொடுக்க வேண்டும்.

இதயத்துக்கும் இந்த இரவு சோதனைதான். குளிர் ரத்தக் குழாய்களைச் சுருக்கும். ரத்த அழுத்தம் ஏறும். வாரம் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்த உடம்பு, தூக்கமில்லாமல், வயிறு நிறைய பரோட்டா சாப்பிட்ட கையோடு செங்குத்தாக ஏறுகிறது. மலையில் பக்தர்கள் மயங்கி விழுந்து இறந்த செய்தி அடிக்கடி வருகிறது. இதய நோய், ஆஸ்துமா, கட்டுப்படாத சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று அதிகாரிகள் சொல்வது சம்பிரதாயத்துக்காக அல்ல. நெஞ்சில் அழுத்தம், இடது கையிலோ தாடையிலோ வலி, உட்கார்ந்த பிறகும் அடங்காத மூச்சிரைப்பு... இதில் எது வந்தாலும் அங்கேயே நின்றுவிட வேண்டும். ஆம்புலன்ஸ் அடிவாரம் வரைதான் வரும். அங்கே வரை டோலியில், மனிதர்களின் தோளில், இருட்டில், படிப்படியாக இறக்க வேண்டும்.

நண்பர்கள் கூட்டமாகப் போகும்போது ‘இவ்வளவு தூரம் வந்துட்டோம், இன்னும் கொஞ்சம்தான்’ என்று ஒருவர் சொல்வார். முடியாதவர் வெட்கப்பட்டுக்கொண்டு ஏறுவார். கிளம்பும்போதே ஒன்றைப் பேசி வைத்துக்கொள்வது நல்லது: யார் திரும்ப வேண்டும் என்றாலும் இன்னொருவர் துணைக்குத் திரும்புவார், கேலி கிடையாது.

விடிந்ததும் பருவம் மாறுகிறது. மேகம் காலுக்குக் கீழே கிடக்கும் அந்தக் காட்சிக்காகத்தான் இத்தனை பாடும் (செல்ஃபிக்காக விளிம்புக்குப் போகாமல் இருந்தால் இன்னும் நன்றாக இருக்கும்!). வெளிச்சத்தில் இன்னொன்றும் தெரியும்: சரிவு முழுக்கக் காய்ந்து கிடக்கும் மஞ்சள் புல்.

அந்தப் புல் என்ன செய்யும் என்பதைத் தமிழ்நாடு 2018 மார்ச் 11-ம் தேதி பார்த்தது. அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டம் போடி அருகே குரங்கணி மலையில், வார இறுதி மலையேற்றத்துக்கு வந்தவர்கள் காட்டுத்தீயில் சிக்கினார்கள். காய்ந்த புல், பலத்த காற்று, சரிவான நிலம். மேட்டை நோக்கித் தீ மனிதனைவிட வேகமாக ஓடும். 20-க்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். அதன் பிறகுதான் மலையேற்றத்துக்குத் தனி விதிமுறைகள் வந்தன. 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் 40 பாதைகள் இருக்கின்றன. உள்ளூர் வழிகாட்டியோடு போகலாம். ஆனால், காட்டுத்தீ அபாயத்துக்காக 2025-ல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை அவை மூடப்பட்டன. அந்த நேரத்தில் ‘யாருக்கும் தெரியாத ரூட்’ என்று சமூக வலைதளத்தில் யாராவது அழைத்தால், அனுமதிக் கடிதத்தைக் கேட்டாலே போதும், பேச்சு நின்றுவிடும். அனுமதி உள்ள மலையிலும் பீடி, சிகரெட், கற்பூரம், அடுப்பு எதையும் புல்வெளிப் பக்கம் கொண்டுபோகக் கூடாது.

இறங்குவது சுலபம் என்று நினைப்பவர்களுக்கு முட்டி பதில் சொல்லும். காலை பத்து மணிக்கு மேல் பாறை சுடும். செருப்பில்லாமல் வந்தவர்கள் தாவித் தாவி இறங்குவார்கள். தண்ணீரை மொத்தமாகக் குடிக்காமல் இடைவிடாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். வெறும் தண்ணீர் மட்டும் போதாது, ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இரண்டு இருக்கட்டும்.

மிச்சமிருக்கும் பருவம் மழை. பகல் முழுக்க நிலம் சூடாகி, ஈரக்காற்று மலையில் மோதி மேலெழும்பி, பிற்பகலிலோ மாலையிலோ இடியோடு கொட்டுவது கோடை மழையின் வழக்கம். 2015 மே மாதம் சதுரகிரியில் திடீர்க் காட்டாற்று வெள்ளம் பக்தர்களை அடித்துச் சென்றது. ஓடையில் தண்ணீர் கலங்கி வந்தாலோ, குச்சியும் சருகும் மிதந்து வந்தாலோ மேலே எங்கோ மழை என்று அர்த்தம். கடக்காமல் கரையில் காத்திருக்க வேண்டும். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 நொடிகூட இல்லையென்றால் முகட்டை விட்டு இறங்கிவிட வேண்டும். தனி மரத்தடி ஆகாது.

ஆக, பையில் சேர வேண்டியவை அதிகமில்லை. தண்ணீர் புகாத உறைக்குள் ஒரு காய்ந்த பனியன், ஒரு ஸ்வெட்டர், காது மூடும் குல்லா, மெல்லிய ரெயின்கோட், தனி டார்ச். குளிரில் போன் பேட்டரி சீக்கிரம் இறங்கும். சிக்னலும் நம்ப முடியாது. போனை டார்ச்சாக எரித்துவிட்டு அவசரத்தில் கைவிரிப்பவர்கள் நிறைய. காய்ந்த பனியனை ஏறும்போது போடாமல், உச்சி நெருங்கும்போது மாற்ற வேண்டும். ஒன்றரைக் கிலோகூடச் சுமை கூடாது.

அடிவாரச் சோதனையில் பிளாஸ்டிக் பாட்டிலில் ஸ்டிக்கர் ஒட்டி டெபாசிட் வாங்கியிருப்பார்கள். காலி பாட்டிலைக் கீழே கொண்டுவந்து காட்டினால் பணம் திரும்பக் கிடைக்கும்.