ஐந்தாம் வகுப்பில் ஃபெயில் போடுவார்களா? ஆரணி பெற்றோருக்குச் சில பதில்கள்

“அஞ்சாவதுக்கு மறுபடியும் பப்ளிக் எக்ஸாம் வருதாமே?” சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வாட்ஸ்அப்பில் சுற்றி வரும் கேள்வி இது. உங்கள் பிள்ளை மாநிலப் பாடத்திட்டத்தில் படித்தால், பதில்: இல்லை. எட்டாம் வகுப்பு வரை ஆல் பாஸ்தான். 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையும் இதையே சொல்கிறது.

அப்படியானால் குழப்பம் எங்கிருந்து வந்தது? 2009 கல்வி உரிமைச் சட்டம், எட்டாம் வகுப்பு வரை யாரையும் ஃபெயில் ஆக்கக் கூடாது என்றது. 2019இல் அதைத் திருத்தி, 5, 8ஆம் வகுப்புகளில் தேர்வு வைத்து நிறுத்திவைக்கலாம், முடிவு மாநிலங்களின் கையில் என்றார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் தமிழ்நாடு அரசு பொதுத்தேர்வை அறிவித்தது. எதிர்ப்பு வலுக்கவே 2020 பிப்ரவரியில் ரத்து செய்தது. பழைய அரசாணையின் படம்தான் இன்றும் ஃபார்வர்டு ஆகிறது.

அன்று எழுந்த பயம் வீண் பயமில்லை. ஆரணி மாதிரி ஊரில் பல வீடுகளில் தறி நடுக்கூடத்திலேயே இருக்கிறது. பத்து வயதுப் பிள்ளை ஃபெயில் என்றால், “சரி, வீட்லயே இருந்து தார் சுத்தட்டும்” என்று சொல்ல அதிக நேரம் ஆகாது. அடுத்த ஆண்டு தம்பி, தங்கையோடு ஒரே வகுப்பில் உட்காரும் கூச்சமும் சேர்ந்தால், அந்தப் பிள்ளை பள்ளிக்குத் திரும்புவது கஷ்டம்தான்.

2024 டிசம்பரில் மறுபடி பரபரப்பு. மத்திய அரசு தன் பள்ளிகளான கேந்திரிய வித்யாலயா, நவோதயா, சைனிக் பள்ளிகளில் 5, 8ஆம் வகுப்புகளுக்கு ஆல் பாஸை நிறுத்தியது. (தமிழ்நாட்டில் நவோதயா பள்ளியே கிடையாது.) மத்திய அரசுப் பள்ளிகள் தவிர மற்ற பள்ளிகளில் பழைய முறையே தொடரும் என்று மாநில அரசு உடனே சொல்லிவிட்டது. தனியார் சி.பி.எஸ்.இ. பள்ளி என்றால், அங்கே என்ன விதி என்று நிர்வாகத்திடம் எழுத்திலேயே கேட்டு வாங்கிவிடுங்கள்.

‘சர்வே எக்ஸாம்’ என்றால்?

பள்ளியிலிருந்து திடீரென்று “நாளைக்கு சர்வே, கண்டிப்பா அனுப்புங்க” என்று தகவல் வரலாம். 2024 டிசம்பர் 4 அன்று 3, 6, 9ஆம் வகுப்புகளுக்கு நாடு முழுக்க நடந்த ‘பரக்’ சர்வே அப்படிப்பட்டது. சுமார் 21 லட்சம் மாணவர்கள் எழுதினார்கள். மாநில அளவிலும் 3, 5, 8ஆம் வகுப்புகளுக்கு ஓர் அடைவு ஆய்வு 2025 பிப்ரவரியில் நடந்தது. இவற்றில் அளக்கப்படுவது மாவட்டமும் மாநிலமும்தான். உங்கள் பிள்ளை அல்ல. ரேங்க் கார்டில் இது ஏறாது. இதற்காக டியூஷன் வைப்பது பணத்துக்குத்தான் கேடு.

ஆனால் ஆல் பாஸுக்கு இன்னொரு பக்கம் உண்டு. அதைப் பற்றி யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை. எட்டு வரை தேறிவந்த பிள்ளைக்கு ஒன்பதில்தான் முதல்முறை ஃபெயில் என்ற சொல் வரும். அடுத்தது பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு. வாசிக்கத் திணறுவது அப்போதுதான் வீட்டுக்குத் தெரிந்தால் ரொம்ப லேட். ‘பாஸ்’ என்ற வார்த்தையை நம்பி இருக்க முடியாது.

வீட்டிலேயே பார்த்துவிடலாம். ஏசர் ஆய்வுக்காரர்கள் வீடு வீடாகப் போய்ச் செய்வது இதைத்தான். ஐந்தாம் வகுப்புப் பிள்ளையிடம் இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தைக் கொடுத்து ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு 52-லிருந்து 27-ஐக் கழிக்கச் சொல்லுங்கள். கடன் வாங்கத் தெரிகிறதா என்பதே விஷயம். பத்து நிமிடம் போதும். திட்டாமல் பாருங்கள், திட்டினால் தெரிந்ததும் வராது.

அரசுப் பள்ளி என்றால் டீச்சரிடம் மார்க்கைவிட, ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் பிள்ளை அரும்பா, மொட்டா, மலரா என்று கேளுங்கள். 2022இல் தொடங்கிய இந்தத் திட்டத்தில், வயதைப் பார்க்காமல் பிள்ளைக்கு எவ்வளவு தெரியும் என்பதை வைத்துப் பிரிக்கிறார்கள். ஐந்தாம் வகுப்பில் இன்னும் அரும்பு என்றால், அதிலிருந்து மேலே கொண்டுவர என்ன திட்டம், எத்தனை வாரம் என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள்.

கேந்திரிய வித்யாலயா பெற்றோருக்கு மட்டும் ஒரு தகவல்: தேறாத பிள்ளைக்குக் கூடுதல் பயிற்சி கொடுத்து, முடிவு வந்த 2 மாதத்துக்குள் மறுதேர்வு வைக்க வேண்டும். அதிலும் தேறாவிட்டால் அதே வகுப்பில் நிறுத்தலாம். எட்டு முடியும்வரை பள்ளியை விட்டு அனுப்ப முடியாது.